கீரைப் பொடி வேறு, இலைப் புரதம் வேறு

முருங்கை இலைப் பொடியைப் பற்றிப் பேசும் இடங்களில் ஒரு கணக்கு தவறாமல் வந்துவிடுகிறது: நூறு கிராம் பொடியில் 27 கிராம் புரதம் இருக்கிறது, நூறு கிராம் முட்டையில் 13 கிராம்தான் இருக்கிறது, ஆகவே முருங்கை இலை முட்டையைப் போல இரு மடங்கு. அதே மூச்சில், இலையிலிருந்து புரதத்தைப் பிரித்தெடுத்து உணவாக்கும் ஒரு தொழில்நுட்பம் இருக்கிறதே, அதுதான் இது என்றும் சொல்லிவிடுகிறார்கள். கணக்கிலும் பிழை இருக்கிறது, பெயரிலும் குழப்பம் இருக்கிறது. இலையைக் காயவைத்துப் பொடிப்பது ஒரு வேலை. இலையிலிருந்து புரதத்தை வெளியே எடுப்பது முற்றிலும் வேறு வேலை. இரண்டாவது வேலை எப்படி நடக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரை.

முதலில் கணக்கைச் சரிசெய்வோம்

பச்சை முருங்கை இலையில் நூற்றுக்கு ஏறக்குறைய 75 பங்கு தண்ணீர். புரதம் 6 கிராமுக்குச் சற்று மேல். அந்தத் தண்ணீரை வெயிலிலோ நிழலிலோ ஓட்டிவிட்டால் எஞ்சும் 25 கிராமுக்குள் அதே 6 கிராம் புரதம்தான் இருக்கும். எடை நான்கில் ஒரு பங்காகிவிட்டதால், நூறு கிராமுக்கு எவ்வளவு என்று கேட்கும்போது எண் நான்கு மடங்காகத் தெரிகிறது. முட்டையிலும் முக்கால் பங்கு தண்ணீர்தான். அதையும் உலர்த்திப் பொடியாக்கினால் நூறு கிராமில் ஏறக்குறைய பாதி புரதமாக இருக்கும். உலர்ந்ததை உலர்ந்ததோடு ஒப்பிட்டால் முட்டையே இரு மடங்கு; ஈரத்தை உலர்ந்ததோடு ஒப்பிட்டதால்தான் கணக்கு தலைகீழானது. மேலும், சோற்றில் பிசைந்துகொள்ளும் ஒரு தேக்கரண்டிப் பொடி மூன்று கிராம் எடைகூட இருக்காது. அதிலுள்ள புரதம் ஒரு கிராமை எட்டாது. முருங்கைப் பொடி நல்ல உணவுதான், ஆனால் அதன் பெருமை புரதத்தில் இல்லை.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. உணவில் புரதம் எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் நேராக அளப்பதில்லை. அதிலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கிச் சொல்கிறார்கள். நைட்ரஜன் புரதத்தில் மட்டும் இருந்தால் இது சரியாக இருக்கும். ஆனால் இலையில் நைட்ரேட் உப்பு, பச்சையம், தனித்த அமினோ அமிலங்கள் என்று வேறு வடிவங்களிலும் நைட்ரஜன் இருப்பதால், இலைகளுக்குச் சொல்லப்படும் புரத எண் சற்று உப்பலாகவே இருக்கும்.

இலைக்குள் புரதம் எங்கே இருக்கிறது

பயறு, கடலை போன்ற விதைகளில் புரதம் சேமிப்பாக இருக்கிறது. நாளை முளைக்கப்போகும் செடிக்காகக் குதிரில் கொட்டி வைத்த நெல்லைப் போன்றது அது. இலையில் இருப்பது சேமிப்பன்று. அது பட்டறையில் வேலை செய்துகொண்டிருக்கும் ஆட்களைப் போன்றது. இலையின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பசுங்கணிகம் எனப்படும் நுண்ணிய பச்சை உறுப்புகள் மிதக்கின்றன. சூரிய ஒளியைக் கொண்டு காற்றிலிருந்து சர்க்கரை செய்யும் ஒளிச்சேர்க்கை அங்கேதான் நடக்கிறது. இலைப் புரதத்தின் பெரும்பகுதி இந்தப் பசுங்கணிகங்களில் இருக்கிறது.

அதிலும் ஒரே ஒரு புரதம் மற்ற எல்லாவற்றையும் மிஞ்சி நிற்கிறது. அதன் பெயர் ரூபிஸ்கோ. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துச் செடியின் உடலோடு சேர்க்கும் நொதி அது. நொதி என்பது உயிருக்குள் நடக்கும் ஒரு வேதிவினையை முடுக்கிவிடும் புரதம். வியப்பு என்னவென்றால், இவ்வளவு முக்கியமான இந்த நொதி மிகவும் மந்தமானது. பல நொதிகள் வினாடிக்கு ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளைக் கையாளும்போது ரூபிஸ்கோ மூன்று முதல் பத்து வரைதான் கையாளுகிறது. வேலையாள் மெதுவாக இருந்தால் ஆள் எண்ணிக்கையைக் கூட்டத்தானே வேண்டும்? செடியும் அதையே செய்கிறது. நெல், கோதுமை, பயறு வகைகள் போன்றவற்றின் இலையில், நீரில் கரையும் புரதத்தில் பாதி வரை ரூபிஸ்கோவாகவே இருக்கிறது. உலகில் மிகுதியாக உள்ள புரதம் இதுவே என்று பாடநூல்கள் சொல்வது இதனால்தான். சோளம், கரும்பு, தண்டுக்கீரை முதலியவை கார்பன் டை ஆக்சைடைச் செறிவாக்கித் தரும் தனி ஏற்பாடு கொண்டவை. ஆகவே அவற்றுக்குக் குறைந்த அளவு ரூபிஸ்கோ போதுமானதாக இருக்கிறது.

ஆக, இலையிலும் நல்ல அளவு புரதம் உண்டு. அது செல்லுக்குள், பெரும்பாலும் பசுங்கணிகத்துக்குள் இருக்கிறது. அந்தச் செல்லைச் சுற்றி ஒரு சுவர் இருப்பதுதான் சிக்கல்.

கீரையையே தின்றால் போதாதா

60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 கிராம் புரதம் தேவை. முளைக்கீரையில் நூறு கிராமுக்குச் சுமார் 4 கிராம் புரதம். கீரையிலிருந்தே முழுத் தேவையையும் பெறவேண்டுமானால் ஒன்றேகால் கிலோ கீரையை அன்றாடம் தின்னவேண்டும். யாரும் இப்படித் தின்பதில்லை, தின்னவும் முடியாது. இரண்டு வயதுக் குழந்தைக்கு அதில் பத்தில் ஒரு பங்கை ஊட்டுவதே பெரும்பாடு.

காரணம் தண்ணீர் மட்டுமன்று. செல்லைச் சுற்றியுள்ள செல்சுவர் செல்லுலோஸ் என்னும் நாரால் ஆனது. நம் குடலில் அதை உடைக்கும் நொதி இல்லை. பசுமாட்டுக்கும் அந்த நொதி சொந்தமாக இல்லை, ஆனால் அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகளுக்கு இருக்கிறது. மாடு அவற்றுக்கு இடம் கொடுத்து, அசைபோட்டு உதவி, கடைசியில் அந்த நுண்ணுயிரிகளையும் சேர்த்துச் செரித்துக்கொள்கிறது. புல்லைப் பாலாக்கும் வித்தை இதுதான், ஆனால் தின்ற புரதத்தில் ஒரு சிறு பங்கே பாலில் வந்து சேர்கிறது. மாட்டின் வயிறு செய்யும் வேலையில் முதல் பாதியை, அதாவது நாரையும் புரதத்தையும் பிரிக்கும் வேலையை, இயந்திரத்தைக் கொண்டு நாமே செய்தால் என்ன என்ற கேள்வியிலிருந்துதான் இலைப் புரதம் பிறந்தது.

தேங்காய்ப் பால் எடுப்பது போல

தேங்காயைத் துருவி, அரைத்து, துணியில் இட்டுப் பிழிகிறோம். பால் கீழே வருகிறது, சக்கை துணியில் தங்குகிறது. இலையிலும் முதல் இரண்டு படிகள் இவைதாம்: அரைத்தல், பிழிதல்.

அரைப்பதன் நோக்கம் இலையைச் சிறிதாக்குவதன்று, செல்சுவரைக் கிழிப்பது. அரிவாள்மனையில் எவ்வளவு பொடியாக அரிந்தாலும் வெட்டுப்பட்ட ஓரத்திலுள்ள செல்கள் மட்டுமே திறக்கும்; மற்றவை மூடியபடியே இருக்கும். இலை நசுங்கிக் கூழாக வேண்டும். பெரிய ஆலைகளில் இதற்கு அடித்து நொறுக்கும் இயந்திரங்கள் உண்டு. வீட்டளவில் மிக்சியோ உரலோ போதும். கூழைப் பிழிந்தால் அடர் பச்சைச் சாறு வரும். அதில் கரைந்த புரதமும், உடைந்த பசுங்கணிகத்தின் சவ்வுத் துணுக்குகளும், சர்க்கரையும், உப்புகளும் கலந்திருக்கும். நார்ச் சக்கை தனியே நிற்கும்.

இந்த இடத்தில் நேரம் முக்கியம். செல் கிழிந்தவுடன், அதுவரை தனித்தனி அறைகளில் இருந்த பொருள்கள் ஒன்றோடொன்று கலக்கின்றன. வாழைக்காயை நறுக்கிவைத்தால் கறுப்பது ஏன் என்று நினைத்துப் பாருங்கள்: துவர்ப்புப் பொருள்கள் காற்றோடு சேர்ந்து மாறுகின்றன. இலைச் சாற்றில் அதே மாற்றம் நடந்து, மாறிய துவர்ப்புப் பொருள்கள் புரதத்தைப் பற்றிக்கொண்டு, அதைச் செரிக்கக் கடினமானதாக்கிவிடும். மறுபுறம் இலையின் சொந்த நொதிகளே புரதத்தை வெட்டத் தொடங்கும். அறுத்த இலையைச் சில மணி நேரத்துக்குள் அரைக்கவேண்டும், பிழிந்த சாற்றை உடனே அடுத்த படிக்குக் கொண்டுபோகவேண்டும் என்பதற்கு இவையே காரணங்கள்.

பால் திரிவது போல, ஆனால் முழுக்க அப்படியும் இல்லை

பச்சைச் சாற்றிலிருந்து புரதத்தை மட்டும் எப்படிப் பிரிப்பது? பாலில் எலுமிச்சைச் சாறு விட்டால் அது திரிந்து, பன்னீர் ஒருபுறமும் தெளிந்த நீர் ஒருபுறமுமாகப் பிரிவதைப் போல, இலைச் சாற்றையும் திரியவைக்கலாம். ஆனால் உவமை இங்கே சற்று இடறுகிறது. நல்ல பால் கொதித்தாலே திரிந்துவிடாது. அதற்குப் புளிப்பு வேண்டும். இலைச் சாறோ சூடுபட்டாலே திரியும். அந்த வகையில் அது பாலைவிட முட்டையின் வெண்கருவுக்கு நெருங்கியது.

உள்ளே நடப்பது இது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் சிறு மணிகளைக் கோத்த நீண்ட சரம். அந்தச் சரம் நேராகக் கிடப்பதில்லை, நூற்கண்டைப் போலக் குறிப்பிட்ட முறையில் சுருண்டு மடிந்திருக்கிறது. தண்ணீரோடு ஒட்டாத பகுதிகள் கண்டின் உள்ளே ஒளிந்திருக்க, ஒட்டும் பகுதிகள் வெளியே தெரியும். அதனால்தான் அது கரைந்து நிற்கிறது. சூடு ஏறும்போது கண்டு குலைகிறது. உள்ளே ஒளிந்திருந்த பகுதிகள் வெளிப்பட்டு, தண்ணீரைவிட்டு விலகி, பக்கத்துக் கண்டுகளின் அதே வகைப் பகுதிகளோடு ஒட்டிக்கொள்கின்றன. ஆயிரமாயிரம் கண்டுகள் இப்படிச் சிக்கிக்கொண்டால் கட்டியாகத் திரண்டு மிதக்கும். இதற்குத்தான் திரிதல் என்று பெயர்.

வெல்லம் காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. கொப்பரையில் கரும்புச் சாறு சூடேறும்போது மேலே அழுக்கு திரண்டு வரும், அதை வழித்து எறிவார்கள். சாற்றிலிருந்த சிறிதளவு புரதமும் அந்த அழுக்கில் திரண்டு வருகிறது. வெண்டைச் செடியை இடித்த கொழகொழப்பான நீரை ஊற்றுவது, அந்த அழுக்கை ஒன்றாகப் பிடித்து மேலே கொண்டுவரத்தான். கரும்பில் எறியப்படுவது, இலைச் சாற்றில் நாம் தேடும் பொருளாகிவிடுகிறது.

சாற்றை 80 முதல் 90 டிகிரி செல்சியஸ் வரை, முடிந்தவரை விரைவாகச் சூடாக்கவேண்டும். மெல்ல மெல்லச் சூடாக்கினால் திரட்டு குழைந்து வடிகட்ட வராது. சட்டென்று சூடேறினால் கெட்டியாகத் திரளும். பிறகு துணியில் வடிகட்டி, எடை வைத்து அழுத்தி, நீரில் ஒருமுறை கழுவி மறுபடி அழுத்தினால், பன்னீர்க் கட்டியைப் போன்ற, ஏறக்குறைய கறுப்பென்றே சொல்லத்தக்க கரும்பச்சை நிறக் கட்டி கிடைக்கும். இதுவே இலைப் புரதத் திரட்டு. இனி இக்கட்டுரையில் திரட்டு என்றால் இதைத்தான் குறிக்கும். உலர்த்தினால் அதன் எடையில் பாதி அளவு புரதம். மீதியில் கொழுப்பு, பச்சையம், வைட்டமின் ஏ ஆக மாறக்கூடிய பீட்டா கரோட்டின், இரும்பு, கால்சியம் முதலியன இருக்கும். வடிந்த பழுப்பு நீரில் சர்க்கரையும் நைட்ரேட்டும் உப்புகளும் போய்விடும்.

சுருக்கமாக: நாரைப் பிரிக்கப் பிழிதல், நீரையும் நீரில் கரைந்த பிறவற்றையும் பிரிக்கத் திரிதல். பொடி செய்யும்போது இவற்றில் ஒன்றுகூட நடப்பதில்லை.

நூறு கிலோ இலைக்கு என்ன கிடைக்கும்

ஆர்வத்தோடு கேட்பவர்களின் முகம் மாறும் இடம் இது. நூறு கிலோ பச்சை இலையைப் பதப்படுத்தினால் ஏறக்குறைய 45 கிலோ ஈரச் சக்கையும், 50 கிலோ பழுப்பு நீரும், 5 கிலோ ஈரத் திரட்டும் கிடைக்கும். அந்த 5 கிலோவிலும் 60 சதவீதம் தண்ணீர். உலர்ந்த திரட்டு 2 கிலோ, அதிலுள்ள புரதம் சுமார் ஒரு கிலோ.

குதிரைமசால் என்று நம் ஊரில் தீவனமாகப் பயிரிடும் லூசர்ன் இலையை எடுத்துக்கொண்டால், நூறு கிலோவில் 20 கிலோதான் உலர்பொருள். அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 4 கிலோ, நைட்ரஜன் கணக்கில் வரும் புரதம். அந்த நான்கில் ஒன்றுதான் திரட்டில் வந்தது. மற்றவற்றில் பெரும்பங்கு சக்கையில், கிழிபடாத செல்களுக்குள் தங்கிவிட்டது. கொஞ்சம் பழுப்பு நீரோடு போயிற்று. நல்ல இயந்திரங்கள் இந்த விகிதத்தை உயர்த்தும், ஆனால் எந்த இயந்திரமும் முழுப் புரதத்தையும் எடுத்துவிடாது. வீட்டில் செய்து பார்க்க விரும்புவோர் ஒரு கிலோ கீரைக்கு ஓர் எலுமிச்சம்பழ அளவு திரட்டை எதிர்பார்த்தால் ஏமாற்றம் இருக்காது.

எல்லா இலையும் உதவாது

உண்ணத்தக்க இலை என்பது முதல் நிபந்தனை. பிழிவதாலும் கொதிக்கவைப்பதாலும் நச்சு இலை நல்ல இலையாகிவிடாது. மரவள்ளி இலையில் புரதம் மிகுதிதான், ஆனால் அதை நசுக்கும்போது சயனைடு வெளிப்படுகிறது. துவர்ப்பு தரும் டானின் மிகுந்திருப்பதால் புரதமும் கட்டுண்டு போகிறது. கொழகொழப்பான இலைகளில் சாறு துணியைவிட்டு இறங்காது. புளிப்பான இலைகளில் புரதம் அரைக்கும்போதே திரிந்து சக்கையோடு ஒட்டிக்கொள்ளும். புளிச்சக்கீரை இதற்கு உதவாது என்பது அதனால்தான். காராமணி, குதிரைமசால் போன்ற பயறினச் செடிகளின் இளந்தழை பொருத்தமானது. முருங்கை இலை இளசாக, நார் குறைவாக இருப்பதால், அதைப் பிழிந்து சக்கையாக்குவதைவிடச் சமைத்து உண்பதே மேல் என்பது என் கருத்து.

அளவும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2009ஆம் ஆண்டு லூசர்ன் இலைத் திரட்டை மனித உணவாக ஏற்றபோது நாளொன்றுக்குப் பத்து கிராம் என்று வரம்பிட்டது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும், ஏனெனில் பச்சை இலையிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்வது.

யார் செய்து பார்த்தார்கள்

இது நேற்று முளைத்த யோசனையன்று. 1773ஆம் ஆண்டிலேயே இலேர் மரேன் ரூயல் என்னும் பிரெஞ்சு வேதியியலர் செடிச் சாற்றைச் சூடாக்கித் திரளும் பொருளைப் பற்றி எழுதியிருக்கிறார். 1920களில், பயோடெக்னாலஜி என்ற சொல்லையே படைத்த ஹங்கேரிக்காரரான காரோய் எரெக்கி இதைத் தீவனத் தொழிலாக்க முயன்றார். இரண்டாம் உலகப்போரில் இங்கிலாந்துக்கு வரும் உணவுக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டபோது, ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தின் நார்மன் பிரி இலைப் புரதத்தை மக்களுக்கு நேரடி உணவாக்கலாம் என்று வாதிட்டார். போர் முடிந்த பின்னும் அவர் விடவில்லை. அரைக்கவும் பிழியவும் இயந்திரங்களை வடிவமைத்தும், இலைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தும் பல பத்தாண்டுகள் இதிலேயே உழைத்தார்.

அவருடைய யோசனை நம் பக்கத்துக்கும் வந்தது. கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியில் ராஜம்மாள் தேவதாஸ் தலைமையில், பள்ளிக்குச் செல்லும் வயதை எட்டாத குழந்தைகளுக்கு இலைத் திரட்டு சேர்த்த உணவைக் கொடுத்து, அவர்கள் வளர்ச்சியையும் இரத்த நிலையையும் கவனித்தார்கள். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்திலும் அவுரங்காபாத்திலும் ஆய்வுகள் நடந்தன. அன்று புரதக் குறைவே பெரும் கவலையாக இருந்தது. இன்று பார்த்தால், அந்தத் திரட்டின் கரோட்டினும் இரும்பும் புரதத்துக்கு இணையான மதிப்புள்ளவையாகத் தோன்றுகின்றன.

பச்சை நீங்கிய வெள்ளைப் புரதம்

நிறமும் புல் வாசனையும் திரட்டின் பழைய பகைவர்கள். சப்பாத்தி மாவில் கலந்தால் சப்பாத்தி கரும்பச்சையாகிவிடும். இந்தப் பச்சை முழுவதும் பசுங்கணிகத்தின் சவ்வுகளோடு ஒட்டியது. ரூபிஸ்கோவுக்குச் சொந்த நிறம் கிடையாது. ஆகவே சாற்றை இரண்டு தடவையாகச் சூடாக்கினால் இரண்டையும் பிரிக்கலாம். 50 முதல் 60 டிகிரி வரை சூடாக்கும்போது சவ்வுத் துணுக்குகள் முதலில் திரண்டுவிடும். அவற்றை மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்றி நீக்கினால், ரூபிஸ்கோ கரைந்த தெளிந்த சாறு எஞ்சும். அதை மேலும் சூடாக்கியோ புளிப்பேற்றியோ நுண்வடிகட்டியில் செலுத்தியோ எடுத்தால், வெண்மைக்கு நெருங்கிய புரதம் கிடைக்கும். வெண்கருவைப் போல நுரைக்கவும் கட்டியாக உறையவும் வல்லது அது. சூடாக்கி எடுத்தால் மட்டும் இந்தத் திறன் போய்விடும்.

இதை முதலில் பெரிய கனவாக்கியவர் சாம் வைல்டுமன் என்னும் அமெரிக்க அறிவியலர். அவர் பயன்படுத்திய இலை, எல்லா இலையையும் விட்டு, புகையிலை. நிக்கோட்டின் நீங்கப் படிகமாக்கிய புகையிலைப் புரதத்தை மனிதர் உண்ணலாம் என்று அவர் நம்பினார். 1979இல் அவருடைய பணி ஓய்வையொட்டி நடந்த கருத்தரங்கில் டேவிட் ஐசன்பெர்க் என்னும் அறிவியலர், அந்த நொதியின் நீண்ட பெயரைச் சுருக்கி, நாபிஸ்கோ என்னும் பிஸ்கட் நிறுவனத்தின் பெயரை நினைவூட்டும்படி ரூபிஸ்கோ என்று கேலியாகச் சொன்னார். கேலி நிலைத்துவிட்டது, இன்று பள்ளிப் பாடநூலிலும் அதுதான் பெயர்.

சக்கையை யார் தின்பது

இவ்வளவு தெரிந்தும் இலைப் புரதம் மளிகைக் கடைக்கு வராததற்குச் சுவையைக் குறை சொல்வது வழக்கம். எனக்கு அது பாதிக் காரணமாகவே தோன்றுகிறது. சோயா வறண்ட விதை. மூட்டை கட்டி மாதக்கணக்கில் வைக்கலாம், கப்பலேற்றலாம், எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் புண்ணாக்கே பாதி புரதம். இலையோ ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்; அறுத்த அன்றே ஆலைக்கு வரவேண்டும். ஐந்து கிலோ திரட்டின் விலையைக் கொண்டு நூறு கிலோ இலையின் செலவை ஈடுகட்ட வேண்டுமானால் அது கட்டுப்படியாகாது.

இந்தத் தொழில் நிலைத்து நின்ற இடத்தைப் பார்த்தால் இது விளங்கும். பிரான்சின் ஷாம்பேன் பகுதியில் லூசர்னை உலர்த்தித் தீவனமாக விற்கும் ஆலைகள் உண்டு. ஈரத் தழையை அப்படியே சூளையில் உலர்த்த எரிபொருள் ஏராளமாகச் செலவாகும். முதலில் பிழிந்துவிட்டால் அந்தச் செலவு குறையும். பிழிந்த சாற்றைத் திரித்து எடுத்த திரட்டு கோழித் தீவனத்துக்குப் போகிறது. அதிலுள்ள மஞ்சள் நிறமிகளால் மஞ்சள் கருவின் நிறம் தூக்கலாகும். அங்கே திரட்டு முதன்மைப் பொருளன்று, சக்கைதான் முதன்மை.

சக்கை இளப்பமான பொருளும் அன்று. புரதத்தில் பெரும்பங்கு இன்னும் அதற்குள்தான் இருக்கிறது, செல்சுவரும் பாதி கிழிந்திருக்கிறது; மாட்டின் இரைப்பை நுண்ணுயிரிகளுக்கு அது பச்சைத் தழையைவிட எளிதில் உடையும். ஆகவே நம் ஊரில் யாராவது இதைச் செய்யத் தொடங்கினால், அந்த இடம் பெரும்பாலும் குதிரைமசால் விளையும் தோட்டமும் பக்கத்திலேயே பத்துக் கறவை மாடுகளும் உள்ள ஓர் இடமாக இருக்கும்: காலையில் அறுத்த தழையின் சக்கை நடுப்பகலுக்குள் தொட்டியில், பழுப்பு நீர் நீர்த்துப்போய் வாய்க்காலில், ஐந்து கிலோ திரட்டு பக்கத்துச் சத்துணவுக் கூடத்துப் பருப்பில்.